முக்கால் அங்குல வித்தியாசம்

மட்டாஞ்சேரியில் பாட்டு என்றால் மேடை இரண்டாம்பட்சம்தான். கல்யாண வீட்டின் மாடி அறை, விரித்த பாய், நடுவில் ஆர்மோனியம், பக்கத்தில் தபலா, சுற்றிலும் சுலைமானி டீக் கோப்பைகள். மெஹ்ஃபில் என்ற வார்த்தைக்கு இங்கே அகராதி தேவையில்லை. ஃபோர்ட் கொச்சியில் பிறந்த மெஹபூப் (1926-1981) இப்படிப்பட்ட அறைகளில் பாடித்தான் மக்களின் பாடகரானார். ‘ஜீவித நௌகா’ (1951), ‘நீலக்குயில்’ (1954) என்று சினிமாவிலும் பாடினார். ஆனால் கொச்சிக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது திரைக்கு வெளியே பாடிய மெஹபூபைத்தான். அவருக்குத் தபலா வாசித்த உம்பாயி பிறகு தானே பாட உட்கார்ந்து, மலையாள கஸலுக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்துவிட்டு 2018இல் மறைந்தார்.

இந்த அறைக்குள் ஒரு தபலாக்காரர் இன்னொரு வாத்தியத்தைக் கொண்டுவர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணம் பேராசை அல்ல, பிழைப்பு. மெஹ்ஃபில் மாதத்துக்கு இரண்டு கிடைத்தால் அதிகம். கல்யாண வரவேற்பிலும் ஹோட்டல் மாலைகளிலும் கானமேளாவிலும் கேட்கிறவர்கள் தபலாவோடு ‘இன்னும் கொஞ்சம் கனமாக’ ஏதாவது எதிர்பார்க்கிறார்கள். அவர் காங்கா வாங்கத் தீர்மானிக்கிறார். சேர்த்து வைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். கடைக்காரர் மூன்றை எடுத்து வைக்கிறார். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

மூன்றும் பார்வைக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூன்றுக்கும் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். வயிறு பருத்து, அடி குறுகி, தலையில் தோல். வித்தியாசம் தோலின் விட்டத்தில் மட்டும். சிறியது கிண்டோ, 11 அங்குலம். நடுவில் இருப்பது காங்கா, 11.75. பெரியது தும்பா, 12.5. இன்று பெரும்பாலான கம்பெனிகள் அனுசரிக்கும் கணக்கு இது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே முக்கால் அங்குலம். ஒரு விரல் அகலம்கூடச் சரியாக வராத இந்த இடைவெளிதான் வாங்குகிறவர் அடுத்த பத்து வருஷம் யாரோடு வாசிப்பார், யாரோடு வாசிக்க முடியாது என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் குழப்பம் பெயரில். தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் இந்த வாத்தியத்துக்கு அளவு வேறுபாடில்லாமல் ஒரே பெயர்: தும்பா. கேரளத்தில் தும்பா என்றால் திருவனந்தபுரத்துக்கு அருகே 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய ஊர். வாத்தியக்காரர்களின் தும்பா அதுவல்ல. கூபாவில் இந்த வாத்தியத்தின் பெயர் தும்படோரா. அந்தப் பெயர் சுருங்கி நம்மூர் வரை வந்துவிட்டது. ஆனால் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் தும்பா என்பது மூன்றில் பெரியதை மட்டும் குறிக்கும். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒருவர் போனில் “ஒரு தும்பா அனுப்புங்கள்” என்று சொன்னால் வந்து இறங்குவது 12.5 அங்குலப் பெரியவராக இருக்கக்கூடும். அவர் மனதில் நினைத்தது நடுவில் இருப்பதை. வார்த்தைக்கும் பணத்துக்கும் உள்ள உறவு இப்படித்தான். ஆகவே முதல் விதி: பெயரைச் சொல்லாதீர்கள், அங்குலத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழப்பம் கடையிலேயே நடக்கிறது. சங்கப் பாடல் ஒன்றில், பாணர்கள் பலாமரத்தில் மாட்டிவைத்த முழவைப் பலாப்பழம் என்று நினைத்துக் குரங்கு தட்டிப்பார்க்கும். காங்காவைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை, வடிவம் அப்படி. கடைக்கு வருகிறவரும் அதையேதான் செய்கிறார். மூன்றையும் தட்டிப்பார்க்கிறார். தனியாக, பாட்டில்லாமல், ஆர்மோனியமில்லாமல். அப்படித் தட்டினால் ஜெயிப்பது எப்போதும் கிண்டோதான். தோல் இறுக்கம், ஒலி கூர்மை, அடித்தவுடன் ‘பட்’டென்று பதில். அல்லது தும்பா ஜெயிக்கும். நெஞ்சில் இறங்கும் அதன் கார்வை யாரையும் மயக்கும். நடுவில் நிற்கும் காங்கா பெண் பார்க்கும் படலத்தில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் நடுவே உட்கார்ந்த பெண்ணைப் போலக் கவனிக்கப்படாமல் போகிறது.

உண்மையில் ‘எந்த அளவை வாங்குவது’ என்ற கேள்வியே புதிது. காங்கா பிறந்த இடத்தில் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அடிமைகளாகக் கூபாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் முரசுகளிலிருந்து உருவான வாத்தியம் இது. கூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். பீப்பாய் செய்வதைப் போலப் பலகைகளைச் சேர்த்து வளைத்து உடலைச் செய்தார்கள். தோலை ஆணியடித்துப் பொருத்தி, சுருதி இறங்கினால் நெருப்பில் காட்டி ஏற்றினார்கள். பறையைக் காய்ச்சும் தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இரும்பு வளையமும் திருகாணியும் வந்து, நெருப்பின் வேலையை ஸ்பானர் எடுத்துக்கொண்டது.

அங்கே ரும்பா ஆட்டத்துக்கு மூன்று முரசு, மூன்று ஆள். பெரியது அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருப்பது அதற்குப் பதில் சொல்லும். கிண்டோ ஆடுகிறவரின் காலைப் பார்த்து இஷ்டப்படி பேசும். ஒருவருடைய முரசு என்பது அவர் வாங்கிய பொருள் அல்ல, அந்தப் பேச்சில் அவருக்குக் கிடைத்த இடம். கிண்டோவுக்கு வருவதற்கு முன் மற்ற இரண்டிலும் பழகியிருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு மூன்று காங்காக்களை முன்னால் நிறுத்திக்கொண்டு வாசிப்பது பின்னால் மேடையும் நடனக்கூடமும் கொண்டுவந்த பழக்கம். சானோ போசோ என்ற கூபாக்காரர் 1947இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது அமெரிக்கா இந்த வாத்தியத்தைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமே நியூயார்க்கின் ஹார்லெமில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார், வயது 33. அறுபதுகளில் கூபாவுடன் வர்த்தகத்தை அமெரிக்கா துண்டித்தபோது வாத்தியங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்தத் தட்டுப்பாட்டில் 1964இல் பிறந்த கம்பெனிதான் லத்தீன் பெர்குஷன். கூபாவின் ரும்பாவை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. மூன்று பேரின் பேச்சு, கடை அலமாரியில் மூன்று அளவாக மாறிய கதை இது.

இந்தியாவுக்குக் காங்கா வந்தது சினிமா வழியாக. பம்பாயில் கவாஸ் லார்டு என்ற பார்ஸி வாத்தியக்காரரும் அவர் மகன்களும் லத்தீன் தாள வாத்தியங்களை ஹிந்திப் பாடல்களில் பழக்கப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள். சென்னையில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்து ஒலிப்பதிவுகளில் பாங்கோவும் தும்பாவும் தபலாவோடு சம்பந்தம் செய்துகொண்டன. கொச்சியில் 1969இல் ஆபேல் பாதிரியார் தொடங்கிய கலாபவன் போன்ற அமைப்புகள் கானமேளாவைக் கேரளம் முழுவதும் கொண்டுபோனபோது, சினிமாவில் கேட்ட சத்தத்தை மேடையில் எதிர்பார்க்கும் ரசிகர்களும் உருவானார்கள்.

தோல் வாத்தியங்களை வகை பிரிப்பதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நீண்ட பட்டியல் ஒன்றையே தந்திருக்கிறார். அவர் அங்குலத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. அகமுழவு, புறமுழவு, நாண்முழவு, காலைமுழவு என்று எந்த இடத்தில், எந்த வேளையில், எதற்காக ஒலிக்கிறது என்பதையும் பார்த்துப் பிரித்தார். காங்கா வாங்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. முதலில் இடம், பிறகு அளவு.

அப்படிப் பார்த்தால் கிண்டோ யாருக்கு? ஏற்கெனவே ஒரு குழுவில் டிரம்ஸும் கீழ்ஸ்தாயியைப் பிடிக்க ஆளும் இருந்து, அதன்மேல் துள்ளி விளையாட வேண்டியவருக்கு. தனியாக அதை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுக்கு வாசித்தால், பந்தியில் ஊறுகாயை மட்டும் பரிமாறியது மாதிரி. தவிர, மெஹ்ஃபில் அறையில் அதன் கூர்மையான அடி பாடுகிறவரின் வார்த்தையை வெட்டும். கஸல் என்பது வார்த்தைக்காகக் காது கொடுக்கும் கலை.

தும்பா யாருக்கு? அடித்தளம் இல்லாத குழுவுக்கு. கிடாரும் குரலும் மட்டும் இருக்கிற இடத்தில் அது தூணாக நிற்கும். ஆனால் அதை மேலே இழுத்தால் தோல் விறைத்துக் கத்தும். இழுக்காமல் விட்டாலோ வேகமான நடையில் ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து எல்லாம் சேர்ந்து குழம்பும். எடையும் கொஞ்சம் கூடுதல். படகுத்துறைக்கும் மாடிப்படிக்கும் தானே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கொஞ்சம் கொஞ்சமல்ல.

நடுவில் இருப்பது ஏன் முதல் வாத்தியம் என்பதைச் சுருதிப் பெட்டி சொல்லும். மூன்றையும் சேர்த்து வைத்திருப்பவர்களில் பலர் காங்காவை ஒரு கட்டைச் சட்ஜமத்துக்கும், தும்பாவை அதற்குக் கீழே உள்ள மந்திர பஞ்சமத்துக்கும், கிண்டோவை மேலே அந்தர காந்தாரத்துக்கும் சேர்ப்பார்கள். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரல் வந்தால் காங்காவின் திருகாணியை அரை ஸ்தானம் ஏற்றினால் போதும், சட்ஜமம் கிடைத்துவிடும். அதையே ஒரு கட்டையில் நிறுத்தினால் ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்குச் சுத்த மத்யமமாக ஒத்துப்போகும். இன்னும் ஒரு ஸ்தானம் முழுசாக ஏற்றினால் பஞ்சமம். மேலே போனாலும் மூச்சுத் திணறாது, கீழே வந்தாலும் தொய்யாது. மற்ற இரண்டுக்கும் ஒரு பக்கம்தான் வாசல். இதற்கு இரண்டு பக்கமும் வாசல்.

தபலாக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. தாழ்ந்த சுருதிக்கு அகலமான வாய், ஏறிய சுருதிக்குக் குறுகிய வாய் என்று இரண்டு மூன்று வலக்கைத் தபலாக்கள் அவர் பையில் எப்போதும் இருக்கும். மிருதங்கக்காரர்களும் அப்படித்தான். தக்கு சுருதிக்கு ஒன்று, ஹெச்சு சுருதிக்கு ஒன்று. எந்தக் கச்சேரிக்குப் புறப்பட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது “யார் பாடுகிறார்கள்?” என்றுதான். அதே மனிதர் காங்கா கடைக்குள் நுழைந்ததும் அந்தக் கேள்வியை வாசலில் செருப்போடு கழற்றிவிடுவதுதான் வேடிக்கை. தோலின் நடுவே கரணை இல்லாத வாத்தியம்தானே, சுருதி என்ன கெட்டுவிடப்போகிறது என்ற நினைப்பு. காங்காவின் திறந்த அடிக்குத் தெளிவான சுருதி உண்டு. சத்தமான மேடையில் அது கூட்டத்தில் மறைந்துவிடும். எட்டடிக்குப் பத்தடி அறையில் ஆர்மோனியத்தோடு அரை ஸ்தானம் மாறி நின்றால், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி ஒவ்வொரு ஆவர்த்தனமும் உறுத்தும்.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. இது விலைப்பட்டியலில் இருக்காது. மெஹ்ஃபிலில் பாடுகிறவர் தரையில் உட்காருவார். 30 அங்குல உயர வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து வாசிக்க முடியாது, நாற்காலி வேண்டும். வயதில் மூத்த உஸ்தாத் பாயில் இருக்க, பக்கவாத்தியம் நாற்காலியில் இருப்பதா? மட்டாஞ்சேரி அதைப் பொறுத்துக்கொள்ளாது. மூன்று அளவுக்கும் உயரம் ஒன்றுதான் என்பதால் சின்னதை வாங்கினாலும் இந்தப் பிரச்சினை தீராது. 28 அங்குல உயரத்தில் சிலர் செய்கிறார்கள்; இரண்டு அங்குலத்தில் மரியாதை காப்பாற்றப்படுமா என்பது அவரவர் மனசாட்சி. குட்டை முக்காலி போட்டுக்கொண்டு பின்வரிசைச் சுவரோரமாக உட்கார்வது நடைமுறை வழி. அப்போது காங்கா தானாகவே கொஞ்சம் அடக்கமாக ஒலிக்கும். ஒலி அடிப்பக்கமும் வெளியேறும் வாத்தியம் என்பதால் பாயும் கம்பளமும் கீழ்ஸ்தாயியைக் குடித்துவிடும். வேண்டும்போது காலால் லேசாகச் சாய்த்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கிலும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட உடம்பை முழங்காலால் அணைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

பிறகு கொச்சியின் மழை. ஜூன் பிறந்தால் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும். கோடையில் இறுகி ஏறும். வாசித்து முடித்ததும் திருகாணிகளைத் தளர்த்தாமல் விட்டால் ஒரு நாள் காலையில் தோல் கிழிந்திருக்கும். கடல் காற்றில் பளபளக்கும் இரும்பு வளையம் சீக்கிரமே துருவேறும். செயற்கைத் தோல் மழைக்கு அசையாது. ஆனால் மாட்டுத் தோலின் வெதுவெதுப்பு அதில் வராது. மேடைக்காரருக்குச் செயற்கை, அறைக்காரருக்குத் தோல் என்று பொதுவாகச் சொல்லலாம். மரத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தாய்லாந்தில் செய்து அனுப்பும் பல காங்காக்கள் ‘சியாம் ஓக்’ என்று பெருமையோடு விற்கப்படுகின்றன. அது பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர். கோட்டயத்துத் தோட்டத்தில் விறகாகவும் பெட்டியாகவும் போகிற அதே மரம், கடல் கடந்து இறக்குமதிப் பொருளாகத் திரும்பிவருகிறது.

இவ்வளவு யோசித்து வாங்கும்போது போட்டிக்கு வந்து நிற்பது இன்னொரு காங்கா அல்ல, எலெக்ட்ரானிக் பேடு. எண்பதுகளின் மத்தியில் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி ஆக்டாபேடைக் கொண்டுவந்த பிறகு, இந்திய மேடைகளில் எட்டுக் கட்டங்களுக்குள் கிண்டோ, காங்கா, தும்பா மூன்றும் அடங்கிவிட்டன. மழைக்குச் சுருதி இறங்காது. ஒரு பையில் போட்டு பஸ்ஸில் ஏறலாம். கானமேளா முதலாளிக்கு மூன்று ஆள் கூலி மிச்சம். பணம் மட்டுமே கணக்கு என்றால் பேடை வாங்குவதுதான் புத்திசாலித்தனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாடுகிறவர் ஒரு வார்த்தையில் தயங்கி நிற்கும்போது, விரலை எடுக்காமல் உள்ளங்கையால் தோலை அழுத்திச் சத்தத்தைப் பாதியில் விழுங்கிக் காத்திருக்கிற வேலையைத் தோலும் கையும் செய்கிற மாதிரி ரப்பர் கட்டம் செய்வதில்லை. காங்கா வாங்குகிறவர் அந்தக் காத்திருப்பைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்.

மட்டாஞ்சேரியின் மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளின் ஆவி என்று சொல்வார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, தப்பி ஓடிய எஜமானர்கள் சொத்தைச் சுவரில் புதைத்து, காவலுக்கு அடிமைகளையும் கொன்று புதைத்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. மெழுகுவர்த்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் புட்டும் மீனும் படைக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள்தான் கூபாவுக்குப் போனவர்களும் கொச்சிக்கு வந்தவர்களும். அங்கே போனவர்கள் பீப்பாய்ப் பலகையிலாவது ஒரு முரசைச் செய்துகொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து பேச இடம் கிடைத்தது. இங்கே வந்தவர்களுக்கு மிஞ்சியது சுருட்டின் புகை. முந்நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் பக்கத்து அறைக்கு ஒரு காங்கா வருகிறது என்றால், அது வெறும் நாகரிகப் பொருளாக மூலையில் நிற்காமல் பேச்சில் சேர்ந்துகொள்வதுதான் நியாயம்.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 11.75. இரண்டாவதற்குப் பணம் சேர்ந்தால் தும்பா. அப்போது சட்ஜமமும் பஞ்சமமுமாக ஒரு சின்ன உரையாடல் கிடைக்கும். கிண்டோ கடைசியில், தனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்று தோன்றும்போது. கூபாவில் பழகியதும் இந்த வரிசையில்தான்.

கடைக்குப் போகிற அன்று இன்னொரு காரியமும் செய்யலாம். அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டு, பாடுகிறவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் மெதுவாக ஒரு வரி பாடட்டும். மூன்றிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தால், எதை வாசிக்கும்போது அவர் குரலை உயர்த்தாமல் பாடுகிறாரோ அதுதான் சரியான அளவு.